கையிருப்பு ஒரு சொல்

தமிழ் தெரியும் என்பதால்
என்னை அனுப்பியிருந்தார்கள்,
பினாங்குப் பொது மருத்துவமனையில்
பதினான்காம் கட்டிலுக்கு.
ஆறு பக்கப் படிவம், நீல மைத்திண்டு,
ஒரு கைநாட்டுக்கு எனக்கு முப்பது வெள்ளி.

குணாளன், ஐம்பத்தெட்டு.
மூளையின் இடப்பக்கம் அடைப்பு.
வலக்கை தலையணை மேல்
யாரோ மறந்து வைத்துப்போனது போலக் கிடந்தது.

"வணக்கம் ஐயா."
சரி.
"ஒரு ஆய்வு. பாதிப் பேருக்குப் புது மருந்து,
பாதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு மாத்திரை.
யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது,
டாக்டர் ஓங்குக்கும் தெரியாது."
சரி.
"எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."
சரி.

முப்பது வெள்ளி
தாழ்வாரத்தில் நடந்து வரும் சத்தம் கேட்டது.

ஆனால் விதி இருக்கிறது, சோதிக்க வேண்டும்.
"வெளியே பனி கொட்டுதா?"
சன்னலுக்கு அப்பால்
தார் இளகும் பிற்பகல் இரண்டு மணி.
சரி.
"நீங்க பொம்பளையா?"
சரி.
சொல்லிவிட்டு அவரே அந்தச் சொல்லைப் பார்த்தார்,
யார் வீட்டு நாயோ பின்னால் வருவதைத்
திரும்பிப் பார்ப்பவர் போல.

சரிந்து விழுந்தபோது
எல்லாம் கொட்டிப்போக
நாக்கில் ஒட்டிக்கொண்டது இது ஒன்றுதான்.
பசிக்கும் சரி, வலிக்கும் சரி,
சிரம்பானிலிருந்து மகள் தொலைபேசியில் அழுததற்கும்
சரி.

மனைவி ஜெகதா
நாசி லெமாக் பொட்டலத்தை மடித்தபடி சொன்னார்:
"போட்டுக்கங்க மிஸ். அதான் சரிங்கறாரே.
வாரம் ரெண்டு தடவ பேச்சுப் பயிற்சி
சும்மாவே குடுப்பாங்களாமே.
வெளியில ஒரு மணிக்கு நூத்தம்பது வெள்ளி.
நான் கோப்பிக்கடையில மங்கு கழுவுறேன்."

அவர் கையெழுத்தும் செல்லும்.
ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு வரி:
நோயாளி மறுத்தால்,
எந்த விதத்தில் மறுத்தாலும், அது மறுப்பு.
எந்த விதத்தில்.
அதை எழுதியவர்
இந்தக் கட்டிலருகே நின்றிருக்க மாட்டார்.

பேச்சை நிறுத்திப் படங்களை எடுத்தேன்.
முதல் படம்: ஒருவன் ஒருக்களித்துப் படுத்திருக்க
முதுகெலும்பில் ஊசி செருகி நீர் எடுக்கிறார்கள்.
சரி, என்றார்.
இடக்கை மட்டும் மெல்ல எழுந்தது.
உள்ளங்கை என் பக்கம், ஐந்து விரலும் விரிந்து,
அங்கேயே நின்றது.

ஜெகதா பொட்டலத்தைக் கீழே வைத்தார்.
"பட்டர்வொர்த் படகுல கார் ஏத்துன கை.
இருபத்தாறு வருசம்.
சரி சரி சரின்னு பின்னாடி நடந்துகிட்டே கூப்புடுவாரு.
கைய தூக்குனா நிறுத்தணும்.
நிறுத்தலன்னா, அடுத்தது கடல்."

அந்தப் படகுகளில் இப்போது கார் ஏறுவதில்லை.
கை இன்னும் இறங்கவில்லை.

மறுப்பா, பழக்கமா?
அவர் தூக்கினாரா,
அல்லது ஏதோ ஒரு நரம்பு
இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறதா?
படத்தை மறைத்தேன், இறங்கியது.
காட்டினேன், எழுந்தது.
அடுத்த படம், பேச்சுப் பயிற்சி:
எதிரெதிரே இரண்டு வாய்கள்,
நடுவில் ஒரு கோப்பை.
கை எழவில்லை.
அழுதார். அழுதுகொண்டே, சரி, சரி.

படிவத்தில் ஒன்றை விட்டு
ஒன்றை எடுக்க வழியில்லை.

மைத்திண்டை மூடினேன்.
"வேணாங்கறாரா?"
"செவ்வாக்கிழம திரும்ப வர்றேன்கா,"
எதற்கு என்று தெரியாமலே சொன்னேன்.
ஜெகதா என்னைப் பார்க்கவில்லை.
தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களால்
அவர் மூக்கைத் துடைத்துவிட்டார்.

கையொப்பம் இல்லையெனில் காரணம் எழுதுக.
மூன்று வரிக்கு இடம்.
என் இடக்கையைத் தாளில் விரித்து வைத்து
பேனாவால் சுற்றி வரைந்தேன்.
இடம் போதவில்லை,
சுண்டுவிரல்
அலுவலக உபயோகத்திற்கு மட்டும் என்ற கட்டத்துக்குள்
போய் நின்றது.